யுஎஸ்பி வழியாக ஃபிளாஷ் எழுதுதல்: வேகம் கூட்ட எந்த வழி?

மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்குக் கோப்பு ஏற்றுவது மெதுவாக இருந்தால், பழி முதலில் யுஎஸ்பி மேல்தான் விழும். விநாடிக்கு 12 மெகாபிட் (ஃபுல் ஸ்பீடு) போதவில்லை, 480 மெகாபிட் (ஹை ஸ்பீடு) உள்ள சிப்புக்கு மாறிவிடலாம் என்று போர்டையே திரும்ப வரையத் தொடங்கிவிடுவார்கள். சிங்கப்பூரின் உபியிலோ காக்கி புக்கிட்டிலோ சிறிய இடத்தில் 200, 300 போர்டு செய்து விற்பவர்களுக்கும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மாணவர்களுக்கும் இது பல வார வேலை, கணிசமான வெள்ளி. செய்து முடித்த பிறகு பார்த்தால் நேரம் பெரிதாகக் குறைந்திருக்காது. எழுதும் நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போகிறது: சிப் அழிந்து முடியக் காத்திருப்பது, பக்கம் எழுதி முடியக் காத்திருப்பது, கணினிக்குப் பதில் வந்து சேரக் காத்திருப்பது. இவற்றில் எது உங்கள் போர்டில் நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்த பிறகுதான் வழியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

முதலில் சிப்பின் கணக்கு

பரவலாகப் புழங்கும் ஒரு சிப்பையே எடுத்துக்கொள்வோம்: வின்பாண்ட் டபிள்யூ25கியூ128ஜேவி, 16 மெகாபைட், எஸ்பிஐ எனும் தொடர் இணைப்பில் ஓடும் நார் வகை ஃபிளாஷ். தரவுத்தாளின்படி 256 பைட் பக்கம் ஒன்றை எழுத வழக்கமாக 0.4 மில்லிவிநாடி ஆகும், அதிகபட்சம் 3. 4 கிலோபைட் செக்டர் ஒன்றை அழிக்க 45 மில்லிவிநாடி, அதிகபட்சம் 400. 64 கிலோபைட் பிளாக்கை அழிக்க 150, அதிகபட்சம் 2000.

65,536 பக்கத்தை 0.4 மில்லிவிநாடியால் பெருக்கினால் 26 விநாடி. 256 பிளாக்கை 150 மில்லிவிநாடியால் பெருக்கினால் 38 விநாடி. இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 65 விநாடி. முழுச் சிப்பையும் அழித்து எழுத வேண்டுமென்றால், கம்பி எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதற்குக் கீழே போக முடியாது.

இதே 16 மெகாபைட் கம்பியில் மட்டும் போய்ச் சேர எடுக்கும் நேரம் (பாட் என்பது சீரியல் கம்பியில் விநாடிக்குப் போகும் பிட் எண்ணிக்கை; எச்ஐடி என்பது விசைப்பலகை போன்றவற்றுக்கான யுஎஸ்பி வகை; பல்க் என்பது பெருந்தரவை மொத்தமாக அனுப்பும் யுஎஸ்பி முறை):

சீரியல், 115200 பாட்: 24 நிமிடம்
எச்ஐடி, ஃபுல் ஸ்பீடு: 4 நிமிடம் 22 விநாடி
சீரியல், 921600 பாட்: 3 நிமிடம்
சீரியல், 30 லட்சம் பாட்: 56 விநாடி
பல்க், ஃபுல் ஸ்பீடு: நடைமுறையில் 17 விநாடி
பல்க், ஹை ஸ்பீடு: 1 விநாடிக்கும் குறைவு

ஃபுல் ஸ்பீடு பல்க்கின் உச்சவரம்பு எங்கிருந்து வருகிறது என்றால், 1 மில்லிவிநாடி நீளமுள்ள ஒரு ஃபிரேமுக்குள் 64 பைட் பாக்கெட் 19 வரை அடங்கும். அதாவது விநாடிக்கு 12 லட்சத்து 16 ஆயிரம் பைட். நன்றாக எழுதிய நிரலில் விநாடிக்கு 1 மெகாபைட் சுலபமாகக் கிடைக்கும். அந்த 17 விநாடியைச் சிப்பின் 65 விநாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய 12 மெகாபிட் யுஎஸ்பியே இந்தச் சிப்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகம். ராஸ்பெர்ரி பை பிக்கோவில் உள்ள 2 மெகாபைட் டபிள்யூ25கியூ16ஜேவி சிப்புக்கும் இதே விகிதம்தான்: சிப்புக்கு 8 விநாடி, கம்பிக்கு 2 விநாடி.

மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் இன்னும் மெதுவானது. எஸ்டிஎம்32எஃப்103 இரண்டு பைட் எழுத வழக்கமாக 52.5 மைக்ரோவிநாடி எடுக்கும், அதாவது விநாடிக்கு 38 கிலோபைட். அதற்கு எச்ஐடியின் 64 கிலோபைட்டே அதிகம். என்ஆர்எஃப்52840 நான்கு பைட்டுக்கு 41 மைக்ரோவிநாடி எடுக்கும், 1 மெகாபைட் எழுத 11 விநாடி. ஆனால் அதன் 4 கிலோபைட் பக்கம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழித்தால் பக்கத்துக்கு 85 மில்லிவிநாடி வீதம் 256 பக்கத்துக்கு 22 விநாடி போகும். முழுச் சிப்பையும் ஒரே கட்டளையில் அழிக்க 169 மில்லிவிநாடி போதும். டீபக் போர்ட் (பிழைதேடும் கருவியைச் சிப்போடு நேராக இணைக்கும் முனை) வழியாக முதல்முறை எழுதுபவர்கள் இந்த ஒரு கட்டளையை விட்டுவிட்டு, வேறெங்கோ வேகம் தேடிக்கொண்டிருப்பது உண்டு.

எஸ்டிஎம்32எஃப்407 வேறு விதமாகக் காலை வாரும். அதில் ஒரு முறை எழுத வழக்கமாக 16 மைக்ரோவிநாடி. ஒரு பைட்டாக எழுதினாலும் அதே 16, நான்கு பைட்டாக எழுதினாலும் அதே 16. 1 மெகாபைட்டை பைட் பைட்டாக எழுதினால் 17 விநாடி. எழுதும் அகலத்தை 32 பிட்டாக வைத்தால் 4.2 விநாடி. மின்னழுத்தம் 2.7 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 3.3 வோல்ட் போர்டில் இதைப் பயன்படுத்தாமல் விட எந்தக் காரணமும் இல்லை.

வெளி ஃபிளாஷுக்குத் திரும்புவோம். கோப்பை வாங்கி ஃபிளாஷில் எழுதும் பூட்லோடர் நிரலில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, பக்கம் எழுதிய பிறகு, சிப் வேலையை முடித்துவிட்டதா என்று சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் பார்க்காமல், தரவுத்தாளின் அதிகபட்சமான 3 மில்லிவிநாடியை அப்படியே டிலேயாகப் போட்டுவிடுவது. 65,536 பக்கத்துக்கு அது 3 நிமிடம் 17 விநாடி. அதிலுள்ள பிஸி பிட்டைத் தொடர்ந்து படித்து, அது இறங்கிய உடனே அடுத்த பக்கத்துக்குப் போனால் 26 விநாடி. மற்றொன்று, எல்லாவற்றையும் 4 கிலோபைட் செக்டராக அழிப்பது. 4096 செக்டர் × 45 மில்லிவிநாடி என்றால் 3 நிமிடத்துக்கு மேல். 64 கிலோபைட் பிளாக்காக அழித்தால் 38 விநாடி. தொடக்கத்திலும் முடிவிலும் பிளாக் எல்லைக்குப் பொருந்தாமல் நிற்கும் பகுதிக்கு மட்டும் செக்டர் அழிப்பு போதும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் யுஎஸ்பி பக்கம் போகவே வேண்டாம்.

சீரியல் அடாப்டரோடு இருக்கலாமா?

போர்டில் ஏற்கெனவே எஃப்டி232ஆர், சிபி2102, சிஎச்340 போன்ற ஒரு யுஎஸ்பி சீரியல் சிப் இருந்தால், அதை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம்? பலர் நினைப்பதைவிட அதிக தூரம்.

முதலில் எஃப்டிடிஐ நிறுவனச் சிப்புகளின் (எஃப்டி232ஆர் அவற்றில் ஒன்று) லேட்டன்சி டைமர். கணினிக்குப் போக வேண்டிய பைட்டுகள் ஒரு பாக்கெட் அளவுக்குச் சேரும்வரை சிப் காத்திருக்கும். சேராவிட்டால், டைமர் முடியும்போது இருப்பதை அனுப்பும். இயல்பான அளவு 16 மில்லிவிநாடி. இப்போது, 256 பைட் பக்கத்தை அனுப்பி ஒரு பைட் பதிலுக்குக் காத்திருக்கும் பூட்லோடரை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு பைட் 16 மில்லிவிநாடி வரை சிப்பிலேயே முடங்கிக் கிடக்கும். 115200 பாட்டில் ஒரு பக்கம் போய்ச் சேர 22 மில்லிவிநாடி, காத்திருப்பு 16, மொத்தம் 38. பாட் ரேட்டை எட்டு மடங்காக்கி 921600 வைத்தால் 2.8 கூட்டல் 16, அதாவது 19. எட்டு மடங்கு எதிர்பார்த்த இடத்தில் இரண்டு மடங்குதான் கிடைக்கிறது. டைமரை 1 மில்லிவிநாடியாகக் குறைத்தால் அதே 921600 பாட்டில் பக்கத்துக்கு 4 மில்லிவிநாடிக்குள் முடியும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் கூடுதல் அமைப்புகளுக்குள் இந்த எண் இருக்கிறது. லினக்ஸில் கர்னல் டிரைவரே அதைத் திறந்து வைத்திருக்கிறது. எஃப்டிடிஐ நூலகத்தைப் பயன்படுத்தும் நிரலென்றால் போர்ட்டைத் திறந்த கையோடு அதிலேயே மாற்றிவிடுவதுதான் நல்லது. பயனரிடம் விட்டால் புதிய கணினியில் மறுபடி 16தான் இருக்கும்.

இதைவிடச் சிறந்த மருந்து, பக்கத்துக்குப் பக்கம் பதில் கேட்பதையே நிறுத்துவது. தரவை 4 கிலோபைட் துண்டுகளாக, அதாவது ஃபிரேம்களாகப் பிரியுங்கள்; ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், முகவரி, நீளம், பிழையைக் காட்டும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி32. பதில் வராத ஃபிரேம் நான்கு வரை பாதையில் இருக்கலாம் என்று அனுமதியுங்கள். எது தவறினாலும் அந்த எண்ணிலிருந்து மறுபடி அனுப்பினால் போதும். டைமர் 16 ஆக இருந்தாலும் இதில் பெரிய பாதிப்பு இருக்காது.

அடுத்தது பாட் ரேட். எஃப்டி232ஆர், சிபி2102என் இரண்டும் 30 லட்சம் வரை போகும். சிஎச்340ஜி 20 லட்சம். பழைய சிபி2102 10 லட்சத்தோடு நிற்கும். ஆனால் மறுமுனையில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரும் அந்த எண்ணைத் துல்லியமாகத் தர வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் உள்ள ஏவிஆர் சிப்பில் 921600 வராது, பிழை 8 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் 10 லட்சம் பாட் பிழையே இல்லாமல் வரும். 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்டிஎம்32எஃப்103 30 லட்சத்தைச் சரியாகத் தரும். எல்லோரும் 921600 போடுகிறார்கள் என்பதற்காக நீங்களும் போட வேண்டியதில்லை. உங்கள் கிளாக்கை வகுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

30 லட்சம் பாட்டில் கம்பிக்கு 56 விநாடி, சிப்புக்கு 65. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் மொத்தமே 65தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சிப் ஒரு பிளாக்கை அழிக்கும் 150 மில்லிவிநாடிக்குள் 45 கிலோபைட் வந்து குவியும். 264 கிலோபைட் ரேம் உள்ள ஆர்பி2040இல் (பிக்கோவின் மைக்ரோகன்ட்ரோலர்) 64 கிலோபைட் பஃபர், அதாவது தற்காலிகச் சேமிப்பிடம், ஒதுக்குவது கடினமில்லை. 20 கிலோபைட் ரேம் மட்டுமே உள்ள எஸ்டிஎம்32எஃப்103சி8இல் அது நடக்காது. அங்கே ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளை இணைத்து, பஃபர் நிறையும்போது அனுப்புவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு கம்பிகளை போர்டில் இணைக்காமல் விட்டவர்கள்தான் அதிக பாட் ரேட்டில் பைட் தொலைகிறது என்று தவிப்பார்கள்.

ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் போர்டு என்றால், இந்த வழியே என் பரிந்துரை. வன்பொருள் அப்படியே இருக்கிறது, நிரல் மட்டும் மாறுகிறது. ஈஎஸ்பி32 பயன்படுத்துபவர்களுக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது: அதன் அதிகாரபூர்வ எழுதும் கருவி முதலில் ஒரு சிறு நிரலை ரேமுக்கு ஏற்றி, பிறகு தரவைச் சுருக்கி அனுப்புகிறது. அங்கே பாட் ரேட்டை உயர்த்தினால் பலன் நேரடியாகக் கிடைக்கும்.

மைக்ரோகன்ட்ரோலரிலேயே யுஎஸ்பி இருந்தால்

புதிய போர்டு வரைகிறீர்கள், சிப்பில் ஃபுல் ஸ்பீடு யுஎஸ்பி இருக்கிறது. கணினிக்கு அதை எந்த வகைச் சாதனமாகக் காட்டுவது? முடிவின் மையம் இதுதான், வேகத்தில் பெரிய வித்தியாசங்களும் இங்கேதான் வரும்.

எச்ஐடி வகையின் கவர்ச்சி, டிரைவர் எதுவும் வேண்டாம் என்பது. நிர்வாகி உரிமை தராத அலுவலகக் கணினியிலும் ஓடும். ஆனால் ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு 64 பைட் பாக்கெட் என்பதே அதன் உச்சம். சாதனம் தன்னைக் கணினிக்கு விவரிக்கும் டிஸ்கிரிப்டரில் பாக்கெட் இடைவெளியை 10 மில்லிவிநாடி என்று எழுதிவிட்டால் (மாதிரி நிரல்களிலிருந்து நகலெடுக்கும்போது இது அடிக்கடி நடக்கிறது) விநாடிக்கு 6.4 கிலோபைட்டாகச் சுருங்கிவிடும். கணினியிலிருந்து வெளியேறும் திசைக்கு இன்டரப்ட் எண்ட்பாயின்ட் (தரவுக்கான தனி வாயில்) வைக்காவிட்டால் கணினி எல்லாவற்றையும் கன்ட்ரோல் எண்ட்பாயின்ட் வழியாக அனுப்பும், அது இன்னும் மெதுவு. எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சிப்பின் உள் ஃபிளாஷுக்கு எச்ஐடி நல்ல தேர்வு. 16 மெகாபைட் வெளி ஃபிளாஷுக்கு அல்ல.

யுஎஃப்2 கோப்பை இழுத்துப் போடும் முறை பயனருக்கு மிக எளிது. பென் டிரைவ் போலத் திறக்கும், கோப்பைப் போட்டால் வேலை முடிந்தது. குறை என்னவென்றால், 512 பைட் கொண்ட ஒவ்வொரு யுஎஃப்2 பிளாக்கிலும் வழக்கமாக 256 பைட்தான் உண்மையான தரவு. 16 மெகாபைட் 32 ஆகிறது, பயனுள்ள வேகம் பாதியாகிறது. விநாடிக்கு 500 கிலோபைட் என்றால் சிப்பின் 640 கிலோபைட் எழுதும் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. இது சகிக்கக்கூடியதுதான். பெரிய சிக்கல் வேறு: யுஎஸ்பி சேமிப்புச் சாதனங்களை முடக்கி வைத்திருக்கும் நிறுவனக் கணினிகளில் அந்த டிரைவே திறக்காது. உங்கள் போர்டை வாங்குபவர் அப்படிப்பட்ட அலுவலகத்தில் இருந்தால் இந்த ஒரே வழியை நம்ப வேண்டாம்.

யுஎஸ்பி வழியாகச் சாதனத்தின் நிரலைப் புதுப்பிக்கும் டிஎஃப்யு முறை வேகத்துக்காக வந்ததல்ல. எல்லாமே கன்ட்ரோல் எண்ட்பாயின்ட் வழியாகப் போகும், ஒவ்வொரு துண்டுக்கும் நிலை கேட்க வேண்டும், சாதனம் சொன்ன நேரம்வரை காத்திருக்க வேண்டும். எஸ்டிஎம்32 சிப்புகள் பலவற்றின் ரோமிலேயே (மாற்ற முடியாத நினைவகம்) அது இருப்பதால், போர்டு பழுதானாலும் மீட்க ஒரு வழி இருக்கிறது. அந்த மதிப்புக்காக அதை வைத்திருங்கள்.

மிச்சம் இருப்பவை சிடிசி எனும் மெய்நிகர் சீரியல் போர்ட்டும், சொந்த பல்க் இன்டர்ஃபேஸும். இரண்டுக்கும் கீழே ஓடுவது ஒரே பல்க் எண்ட்பாயின்ட்தான், உச்சவரம்பும் ஒன்றே. சிடிசியில் பாட் ரேட் வெறும் பெயருக்குத்தான், எந்த எண்ணை வைத்தாலும் வேகம் மாறாது. விண்டோஸ் 10 முதல் அதற்குத் தனி டிரைவர் வேண்டாம். ஆனால் சீரியல் போர்ட் என்பதால் இயங்குதளம் அதை மோடமாக நினைத்துக்கொள்ளும். லினக்ஸில் மோடம்மேனேஜர் புதிதாக வந்த போர்ட்டைத் திறந்து மோடம் கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். உங்கள் பூட்லோடர் அவற்றைத் தரவென்று எடுத்துக்கொண்டால் முதல் ஃபிரேமே கெடும். குறிப்பிட்ட தொடக்க அடையாளம் வரும்வரை எதையும் ஏற்காமல் இருக்கும்படி எழுத வேண்டும். போர்ட்டை ரா முறையில் திறக்கத் தவறினால் வரி முடிவு மாற்றமும் எக்கோவும் சேர்ந்து இருமத் தரவைச் சிதைக்கும்.

சொந்த பல்க் இன்டர்ஃபேஸுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஓஎஸ் டிஸ்கிரிப்டரைச் சேர்த்துவிட்டால் விண்டோஸ் 8 முதல் அதன் பொது டிரைவரான வின்யுஎஸ்பி தானாகவே அமர்ந்துவிடும். லினக்ஸ், மேக் இரண்டிலும் லிப்யுஎஸ்பி நூலகம் போதும். லினக்ஸில் சாதாரணப் பயனருக்கு அனுமதி தர ஒரு யுடெவ் விதி எழுத வேண்டும். வெளி ஃபிளாஷ் உள்ள புதிய போர்டுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். கூடவே மீட்புக்கு ரோம் பூட்லோடர் இருக்கட்டும்.

ஆனால் பல்க் என்று பெயர் வைத்ததால் மட்டும் வேகம் வந்துவிடாது. 64 பைட் அனுப்பி, பதில் படித்து, அடுத்த 64 அனுப்பினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 2 மில்லிவிநாடி அளவுக்குப் போகும். விநாடிக்கு 32 கிலோபைட், எச்ஐடியில் பாதி! 16 மெகாபைட்டுக்கு ஏறக்குறைய 9 நிமிடம். அதே சுற்றில் 4096 பைட் அனுப்பினால் 64 பாக்கெட்டுக்கு 3.4, பதிலுக்கு 2, மொத்தம் 5.4 மில்லிவிநாடி. விநாடிக்கு 750 கிலோபைட்டுக்கு மேல். லிப்யுஎஸ்பியின் அசிங்க் அழைப்புகளால் நான்கைந்து கோரிக்கைகளை வரிசையில் போட்டு வைத்தால் அந்த இடைவெளியும் மறையும். நீளத்தை ஃபிரேமின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால், அனுப்பும் அளவு 64இன் மடங்காக இருக்கும்போது முடிவைக் காட்ட வெற்றுப் பாக்கெட் ஒன்று தேவைப்படும். அதை மறந்தால் சில கோப்புகள் மட்டும் கடைசியில் தொங்கி நிற்கும், காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

சாதனத்துக்குள் செய்ய வேண்டியது

யுஎஸ்பி வாங்குவதும் ஃபிளாஷ் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக நடந்தால் 17 கூட்டல் 65, அதாவது 82 விநாடி. இணையாக நடந்தால் 65. இதற்குப் பெரிய பஃபர் தேவையென்று நினைப்பது இயல்பு. உண்மையில் 4 கிலோபைட் பஃபர் இரண்டு போதும், ஏனென்றால் கம்பி சிப்பைவிட வேகமானது, எழுதும்போது சிப் பட்டினி கிடக்காது. அழிக்கும்போது பஃபர் நிறைந்துவிட்டால் யுஎஸ்பி வன்பொருளே மறுப்பு அனுப்பும், கணினி பிறகு முயலும், ஒரு பைட்டும் தொலையாது. சீரியலில் கம்பி இழுத்துச் செய்ய வேண்டியதை யுஎஸ்பி இலவசமாகச் செய்து தருகிறது.

இணையாக நடக்க, நிரல் ரேமிலிருந்து ஓட வேண்டும். ஆர்பி2040இல் நிரலும் அதே வெளி ஃபிளாஷில்தான் இருக்கிறது. சிப் அழித்துக்கொண்டிருக்கும்போது அதிலிருந்து கட்டளை எடுக்க முயன்றால் போர்டு அங்கேயே நின்றுவிடும். எஸ்டிஎம்32எஃப்407இல் 128 கிலோபைட் செக்டர் அழிய 1 விநாடி, அதிகபட்சம் 2. அதுவரை ஃபிளாஷிலிருந்து ஓடும் நிரல் முழுவதும் உறைந்திருக்கும், யுஎஸ்பி இன்டரப்ட்டும் சேர்ந்தே உறையும். எழுதும் வளையம், யுஎஸ்பி இன்டரப்ட் நிரல், வெக்டர் அட்டவணை (இன்டரப்ட் நிரல்களின் முகவரிப் பட்டியல்) மூன்றையும் ரேமுக்கு மாற்றுங்கள். வெக்டர் அட்டவணையை மட்டும் விட்டுவிட்டு, ஏன் நிற்கிறது என்று தேடுவது வழக்கமான பிழை.

கணினிப் பக்க டைம்அவுட்டை அதிகபட்ச எண்களை வைத்துக் கணக்கிடுங்கள். 64 கிலோபைட் பிளாக் வழக்கமாக 150 மில்லிவிநாடியில் அழியும், ஆனால் 2 விநாடி வரை எடுக்க அதற்கு உரிமை உண்டு. மேசையில் எல்லாம் சரியாக ஓடும் 1 விநாடி டைம்அவுட், பலமுறை எழுதித் தேய்ந்த சிப்பில் ஒரு நாள் தோற்கும்.

எழுத வேண்டியதையே குறைப்பது இதைவிடப் பெரிய லாபம். எல்லாப் பிட்டும் 1 ஆக உள்ள பக்கத்தை அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு 64 கிலோபைட் பிளாக்கின் சிஆர்சி32ஐயும் சாதனமே கணக்கிட்டுச் சொல்லட்டும், மாறாத பிளாக்கைத் தொடவே வேண்டாம். படங்களும் ஒலிக்கோப்புகளும் 14 மெகாபைட், தினமும் மாறும் நிரல் 1 மெகாபைட் என்றால், மறுபடி ஏற்றும் நேரம் ஒரு நிமிடத்திலிருந்து நான்கைந்து விநாடிக்கு இறங்கும். நிரல் எழுதிச் சோதிக்கும் கட்டத்தில் ஃபிளாஷைத் தொடாமல் நேராக ரேமில் ஏற்றி ஓட்டவும் முடியும். ஆர்பி2040இன் ரோம் இதை அனுமதிக்கிறது.

ஹை ஸ்பீடு எப்போது தேவை?

நார் ஃபிளாஷுக்கு அது தேவைப்படுவது அரிது. கொள்ளளவு கூடிய நான்ட் வகை ஃபிளாஷுக்கு மாறும்போது கணக்கே மாறுகிறது. வின்பாண்ட் டபிள்யூ25என்01ஜிவி 128 மெகாபைட் எஸ்பிஐ நான்ட். 2 கிலோபைட் பக்கம் எழுத வழக்கமாக 250 மைக்ரோவிநாடி, 128 கிலோபைட் பிளாக் அழிய 2 மில்லிவிநாடி. 24 மெகாஹெர்ட்ஸ் குவாட் எஸ்பிஐயில் (நான்கு தரவுக் கம்பிகள்) தரவு நகரும் நேரத்தையும் சேர்த்தால் விநாடிக்கு ஏறக்குறைய 5 மெகாபைட். இங்கே ஃபுல் ஸ்பீடுதான் முட்டுக்கட்டை: முழுச் சிப்புக்கும் 2 நிமிடத்துக்கு மேல். ஹை ஸ்பீடில் அரை நிமிடம். ஆனால் நான்ட்டில் கெட்ட பிளாக் பிறவியிலேயே இருக்கும். 1024 பிளாக்கில் குறைந்தது 1004 நல்லவை என்பதுதான் உத்தரவாதம். அதைக் கையாளும் நிரலும் உங்கள் பொறுப்பு.

சிப் தேர்வில் கவனம் தேவை. ஆர்பி2040 மட்டுமல்ல, ஆர்பி2350ம் ஃபுல் ஸ்பீடுதான். எஸ்டிஎம்32எஃப்407இல் ஹை ஸ்பீடு கன்ட்ரோலர் இருந்தாலும், கம்பியில் சிக்னலை அனுப்பி வாங்கும் பிஎச்ஒய் சுற்று இல்லை. யுஎஸ்பி3300 போன்ற வெளிச் சிப்பும் அதற்கு 12 சிக்னல் கம்பிகளும் வேண்டும். எஸ்டிஎம்32எஃப்723, சிஎச்32வி307, டீன்சி 4.0இல் உள்ள ஐ.எம்எக்ஸ் ஆர்டி1062 ஆகியவற்றில் பிஎச்ஒய் உள்ளேயே இருக்கிறது. 90 ஓம் இணைத்தடம், நிலைமின்சாரத்திலிருந்து காக்கும், குறைந்த மின்தேக்குத்திறன் உள்ள ஈஎஸ்டி டயோடு, நல்ல கிரிஸ்டல் மூன்றும் கட்டாயம். ஃபுல் ஸ்பீடு கிளாக்கில் 2500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2500 பங்கு) பிழையைப் பொறுக்கும், ஹை ஸ்பீடு 500தான் பொறுக்கும்.

பல போர்டுகளை எழுதும்போது

200 போர்டை ஒவ்வொன்றாக 65 விநாடி வீதம் எழுதினால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். எட்டை ஒன்றாக எழுதினால் அரை மணிக்குள் முடிய வேண்டும், ஹப் சரியாக இருந்தால். ஃபுல் ஸ்பீடு சாதனங்களுக்காக ஹை ஸ்பீடு ஹப்புக்குள் டிரான்சாக்ஷன் டிரான்ஸ்லேட்டர் என்ற பகுதி உண்டு. மலிவான ஹப்பில் எல்லா போர்ட்டுக்கும் ஒன்றே ஒன்றுதான். எட்டு போர்டும் ஒரே 1 மெகாபைட்டைப் பங்கிட்டுக்கொள்ளும், 65 விநாடி 134 ஆகும். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கும் ஹப்பின் பெட்டியில் இது எழுதியிருக்காது. கணினியில் இணைத்து ஹப்பின் டிஸ்கிரிப்டரில் புரோட்டோகால் எண்ணைப் பாருங்கள்: 1 என்றால் ஒன்று, 2 என்றால் போர்ட்டுக்கு ஒன்று. யுஎஸ்பி2514பி சிப் உள்ள ஹப்பில் போர்ட்டுக்கு ஒன்று உண்டு. தனி மின்சாரமும் கொடுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலரை ரீசெட்டில் பிடித்து வைத்து, எஃப்டி232எச் போன்ற அடாப்டரால் எஸ்பிஐ ஃபிளாஷை நேராக எழுதுவது இன்னொரு வழி. வெற்று போர்டுக்குப் பயன்படும். ஆனால் பிஸி பிட்டைக் கணினி யுஎஸ்பி வழியாகக் கேட்க வேண்டியிருப்பதால், பக்கத்துக்கு 1 மில்லிவிநாடி சுற்று கூடினாலே 65 விநாடி கூடிவிடும். சிப்பின் பக்கத்தில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் அதை மைக்ரோவிநாடிகளில் கேட்டு முடிக்கும். எனவே, டீபக் போர்ட் வழியாக ஒரு சிறு எழுதும் நிரலை ரேமில் ஏற்றி, மீதியை அதனிடம் விடுவதே மேல். டீபக் கருவி கணினியோடு பேசும் நெறிமுறை சிஎம்சிஸ்-டேப் இரண்டாம் பதிப்பாக இருக்கட்டும். முதல் பதிப்பு எச்ஐடி வழியாக ஓடுவதால், ஃபுல் ஸ்பீடு கருவியில் அதே 64 கிலோபைட் வரம்பில் மாட்டும்.

ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் போகோ பின் (சுருள்வில் உள்ள தொடுமுள்) வாங்கி ஜிக் (எழுதும்போது போர்டைப் பிடித்து வைக்கும் சட்டம்) செய்பவர்கள் தங்க முலாம் பூசியதையே கேளுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தொடுமுனை மங்கினால் வேகத்தைக் குறைத்துத்தான் எழுத முடியும்.

உற்பத்தியில் இன்னொரு 38 விநாடியும் மிச்சமாகும். தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய ஃபிளாஷ் அழிக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. குவாட் முறையில் முழுச் சிப்பையும் படித்து வெறுமையைச் சோதிக்க ஒன்றரை விநாடி போதும். வெறுமையாக இருக்கும் பிளாக்கை அழிக்காமல் எழுதலாம், மொத்தம் 28 விநாடியில் முடியும். ஆனால் பழுதுபார்க்கத் திரும்பி வந்த போர்டுக்கு இதைச் செய்யாதீர்கள். அழிக்கும் நடுவில் மின்சாரம் போன பிளாக் வெறுமை போலப் படிக்கப்படலாம். அதன் மேல் எழுதியது சில மாதத்தில் மாறிவிடக்கூடும். திரும்பி வந்த போர்டுகளுக்கு முழு அழிப்பு, பிறகு எழுத்து, பிறகு சாதனமே கணக்கிட்ட சிஆர்சி32. எழுதும் நிரலில் இரண்டுக்கும் தனித்தனி பொத்தான் வையுங்கள்.